ஊற்றுத் தண்ணீரும் சீனத் தேயிலையும்

செவிலிமேட்டுச் சம்பூர்ணம் சீனா டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம், சித்திரை வெயிலில். அவள் புருஷன் தேவசகாயம் நெல் மெஷினில் பெல்ட் அறுந்து அடித்துச் செத்துப்போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு வயது முப்பத்தாறு. மகள் லில்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரின் பெயர் லியூ. இருபது வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி மெட்ராஸ் வந்து, அங்கே பல் பிடுங்கவும் பல் செட் கட்டவும் கற்றுக்கொண்டவர். மனைவி மெட்ராஸிலேயே தவறிப்போய்விட்டாள். பிள்ளை குட்டி இல்லை. பெரிய காஞ்சிபுரம் கடைத்தெருவில், பட்டுநூல் வியாபாரி சிட்டிபாபுவின் வீட்டு முன்கட்டை வாடகைக்கு எடுத்து, 'சைனா பல் வைத்தியர்' என்று போர்டு மாட்டிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் கை பட்டிருந்தது. வந்தவர் வாயைத் திறந்ததுமே இவர் தறிக்காரர் என்று சொல்லிவிடுவார். பட்டு இழையைக் கடித்துக் கடித்து அவர்களுடைய முன்பல்லில் நூல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

கூட்டிப் பெருக்குவது, குறடுகளை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைப்பது, ரத்தமும் எச்சிலும் விழுந்த பேசினைக் கழுவுவது எல்லாம் சம்பூர்ணத்தின் வேலை. அதற்கு முன் வேறு யாரும் அந்த வேலையில் ஒரு மாதம் தாண்டவில்லை. இவள் அருவருப்புப் படவில்லை. அவள் முன்பு வேலை செய்த வீடுகளில் கொல்லைப்புறச் சுவரோரம் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளர் ஒன்று அவளுக்கென்றே இருந்தது. அதில்தான் தண்ணீர்கூட ஊற்றுவார்கள். அதைவிட ரத்தம் கழுவுவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை யாரும் பல் பிடுங்க வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட அடங்கிக் கிடக்கும். அன்றைக்கு டாக்டர் உள்ளறையிலிருந்து கூப்பிட்டார்.

"சம்பூர்ணம்மா, இங்க வந்து உக்காருங்க."

நோயாளிகள் உட்காரும் பெஞ்சைக் காட்டினார். அவள் தயங்கி நின்றுவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்தாள். ஸ்பிரிட் ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மேஜை மேல் சாத்துக்குடி அளவுக்கு ஒரு மண் கெண்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய அளவுக்கு இரண்டு சின்னக் கோப்பைகள், சீன எழுத்து போட்ட சிவப்பு டின் ஒன்று. டின்னிலிருந்து அவர் எடுத்துப் போட்டது அவளுக்குத் தேயிலையாகவே தெரியவில்லை. கருத்துச் சுருண்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வறுத்த ஏதோ விதை மாதிரி இருந்தது. வெந்நீரை ஊற்றினார், உடனே அதை வெளியில் கொட்டினார். மறுபடி ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, இரண்டு கோப்பையிலும் வார்த்தார். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

இரண்டும் ஒரே ஜோடிக் கோப்பைகள். அவர் குடிக்கப்போவதும் அவள் குடிக்கப்போவதும். சம்பூர்ணம் அதைத்தான் முதலில் கவனித்தாள்.

குடித்துப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"என்னா டாக்டரே, வைக்கோல் ஊறின தண்ணியாட்டம் இருக்குது. பாலு இல்ல, சக்கர இல்ல."

டாக்டர் சிரித்தார். "அது இன்னும் முழுசா முழிக்கல. பொறுங்க."

இரண்டாவது தடவை ஊற்றியபோது கரியடுப்பில் அரிசி வறுக்கிற வாசனை வந்தது. மூன்றாவதில் அந்தப் புகை விலகி, அதற்குள்ளிருந்து ஒரு பூவாசனை எழுந்தது. மல்லி இல்லை, தாழம்பூ இல்லை. மழை விட்ட பிறகு யார் வீட்டு வேலிக்குள்ளிருந்தோ வந்து, நின்று தேடினால் காணாமல் போகிற வாசனை. விழுங்கியதும் நாக்கில் லேசாகத் துவர்த்தது. துவர்ப்பு அடங்கிச் சற்று நேரம் கழித்து, தொண்டைக்குள் இனிப்பு ஊறியது.

"டாக்டரே, நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சா மாதிரி இருக்குது!"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "அதேதான். எனக்குத் தமிழ்ல சொல்லத் தெரியாம இருந்துச்சு."

அன்றைக்கு ஏழு தடவை ஊற்றினார். கடைசித் தடவை நிறமே இல்லை. வெறும் வெந்நீருக்கு ஒரு மெல்லிய தித்திப்பு மட்டும் இருந்தது. பிறகு கெண்டியிலிருந்து ஓர் இலையை எடுத்து அவள் உள்ளங்கையில் விரித்து வைத்தார். சுருண்டு விதை மாதிரி இருந்தது காம்போடு முழு இலையாகியிருந்தது. நடுவில் பச்சை, விளிம்பைச் சுற்றிலும் சிவப்பு.

"பறிச்ச இலைய மூங்கில் தட்டுல போட்டுக் குலுக்குவாங்க. ஓரம் மட்டும் அடிபட்டுச் சிவக்கும். அப்படியே விட்டா மொத்தமும் சிவந்து கடை டீ ஆயிடும். குலுக்கலன்னா வெறும் பச்சை இலை. இதை நடுவுல நிறுத்தி, நெருப்புல காட்டுவாங்க. எப்ப நிறுத்தணும்னு மூக்குதான் சொல்லணும். எங்க அக்காவைக் கட்டிக் குடுத்த ஊர் மலையில இதுதான் தொழில். ஊலாங்னு பேரு."

"ஊலானா?"

"ஊலாங். சரி, ஊலான்னே சொல்லுங்க."

அக்கா பிள்ளைகளில் ஒருவன் பினாங்கில் கடை வைத்திருந்தான். அவன் வருஷத்துக்கு ஒரு டின் அனுப்புவான். அதை டாக்டர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் எடுப்பார். நாலாவது வாரமோ என்னவோ, சம்பூர்ணம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இலைய குத்தம் சொல்லல டாக்டரே. தண்ணிதான் சரியில்ல. இந்தக் கெணறு உப்பு. அந்தப் பூவாசனை வர்றப்பவே இந்த உப்பு வந்து அத அமுக்குது."

மறுநாள் காலையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிந்த தண்ணீரைப் பித்தளைத் தூக்கில் மொண்டு, செவிலிமேட்டிலிருந்து கடைத்தெரு வரைக்கும் சிந்தாமல் கொண்டுவந்தாள். மத்தியானம் அந்தத் தண்ணீரில் போட்டார். மூன்றாவது கோப்பையைக் குடித்துவிட்டு டாக்டர் காலிக் கோப்பையை மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"காஞ்சிபுரம் வந்ததுலேர்ந்து இது இப்படி இருந்ததில்ல, சம்பூர்ணம்மா," என்றார்.

அதற்குப் பிறகு தேயிலை போடும் நாளெல்லாம் தூக்கு நிறைய ஊற்றுத் தண்ணீர்தான். ஒரு தடவை வழக்கமான ஊற்று கலங்கிக் கிடந்ததென்று கரையோரமாக வேறு குழி தோண்டி எடுத்துவந்தாள். ஒரு வாய் குடித்ததும் டாக்டர், "இது வேற இடம்," என்றார். சம்பூர்ணத்துக்கு அப்படிச் சந்தோஷம். ஆற்றில் தண்ணீர் எடுக்க வரும் பெண்களில் கங்கையம்மாள் என்று ஒருத்தி, பழகினவள். அவளிடம் அன்று சாயங்காலமே சொன்னாள்.

"எங்க டாக்டரு தண்ணிய வாயில வெச்சா போதும்கா, எந்த எடத்து ஊத்துன்னு சொல்லிடுவாரு!"

"மெய்யாலுமா?" என்று கங்கையம்மாள் வாயைப் பிளந்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி வரைக்கும்.

ஐப்பசியில் வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை வந்தது. சிட்டிபாபு வீட்டு ரேடியோவைச் சுற்றித் தெருவே நின்றது. பெண்கள் வளையலைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்தார்கள். டாக்டரும் தன் மனைவியின் சங்கிலியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு காலை சம்பூர்ணம் வந்தபோது அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, போர்டில் 'சைனா' என்ற எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு காய்ந்த பிறகும் அடியில் எழுத்து தெரிந்தது. மறுபடி பூசினார். அந்த வாரம் இரண்டே பேர்தான் பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். பினாங்கிலிருந்து வர வேண்டிய டின் வரவில்லை. பழைய டின்னில் பாதிக்கும் கீழே இருந்தது. கெண்டியில் போடும்போது அவர் நாலைந்து தேயிலை மணிகளை விரலால் தள்ளித் திரும்ப டின்னுக்குள் போடுவதைச் சம்பூர்ணம் பார்த்தாள்.

ஆற்றங்கரையில் இப்போது வேறு பேச்சு நடந்தது. கங்கையம்மாளின் புருஷன் முனிரத்தினம் டீக்கடையில் சொன்னானாம்: சீனாக்காரன் தினமும் ஆற்றுத் தண்ணீரை வரவழைத்துச் சோதிக்கிறான். எந்த இடத்து ஊற்று எப்படி என்று எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊரே பாலாற்றுத் தண்ணீரைத்தானே குடிக்கிறது? நாளைக்கு அதில் எதையாவது கலந்தால் யார் கேட்பது?

சம்பூர்ணத்தின் காதுக்கு இது வந்தபோது நேரம் கடந்திருந்தது. அடுத்த நாள் பதினோரு மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் ஏட்டு பஞ்சாட்சரமும் முன்கட்டுக்குள் வந்தார்கள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் முனிரத்தினம் நின்றான். அவனுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு தனசேகரன் நிற்பதைச் சம்பூர்ணம் பார்த்தாள்.

தனசேகரன் கடைத்தெருவில் தச்சு வேலை செய்பவர். அவருடைய அக்கா மகன் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்தான். அவனுக்குத்தான் லில்லியைப் பேசி முடித்திருந்தது. தை மாதம் கோயிலில் கல்யாணம். அப்பன் இல்லாத பெண்ணுக்கு அப்படி ஓர் இடம் வாய்த்தது கர்த்தர் கிருபை என்று பாதிரி ஐயரே சொல்லியிருந்தார்.

போலீஸ்காரர்கள் மேஜை, பீரோ எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்கள். சீன எழுத்தில் இருந்த கடிதங்களைக் கட்டாகக் கட்டினார்கள். பஞ்சாட்சரம் சிவப்பு டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறதா என்று முழுவதையும் ஒரு செய்தித்தாளில் கொட்டினார். மணிகள் நாலு பக்கமும் உருண்டன. டாக்டர் நாற்காலி ஓரத்தில் நின்றிருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம், "தேயிலை சார். குடிக்கிற தேயிலை," என்று மட்டும் சொன்னார்.

"நீதான் ஆத்துலேர்ந்து தண்ணி கொண்டாந்து குடுக்கறவளா?" சப்-இன்ஸ்பெக்டர் சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க ஐயா. குடிக்கத்தாங்க."

"இங்க கெணறு இருக்குது. அத உட்டுட்டு அவ்ளோ தூரத்துலேர்ந்து எதுக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். கிணறு உப்பு, அந்த வாசனை வராது, நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"மத்தியானத்துல கதவச் சாத்திக்கினு ரெண்டு பேரும் உள்ள என்னா பண்ணுவீங்கன்னு ஊரு கேக்குது. சொல்லும்மா. ரெண்டு பேரும் சேந்து என்னா பண்ணீங்க?"

வாசலில் யாரோ சிரித்தார்கள். தனசேகரன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் சம்பூர்ணம். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "தண்ணிய வாங்கிக்கினு உள்ள பூடுவாருங்க. என்னா பண்ணுவாருன்னு நான் பாத்ததில்லிங்க."

"உனக்கு எதுனா குடுத்தாரா? குடிச்சியா?"

"இல்லிங்க. அவரு குடுத்தது எதுவும் நான் தொட்டதுகூட இல்லிங்க."

பஞ்சாட்சரம் அதை அப்படியே எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்ததால் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்தபோது டாக்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செய்தித்தாளில் சிதறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், காத்துப் பட்டா கெட்டுப் போயிடும்," என்று பஞ்சாட்சரத்திடம் மெதுவாகச் சொன்னார். "டின்ல போட்டு மூடி வெச்சிடுங்க."

சம்பூர்ணம் வீட்டுக்கு வந்து படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று லில்லியிடம் சொன்னாள். சுடாத நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு லில்லி கஞ்சி வைக்கப் போனாள். நாலாம் நாள் கடைத்தெருவுக்குப் போனபோது முன்கட்டு பூட்டியிருந்தது. போர்டைக் கழற்றியிருந்தார்கள். சிட்டிபாபு நூல் மூட்டைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"முந்தாநாள் காலையில வேன்ல ஏத்திக்கினு போனாங்கம்மா. மெட்ராஸ் போய், அங்கேர்ந்து வடக்க ராஜஸ்தான் பக்கம், சீனாக்காரங்கள அடைச்சு வெக்கிற ஒரு கேம்ப்புக்காம். ஒரு பெட்டிதான் எடுத்துக்க உட்டாங்க."

"எதுனா சொன்னாருங்களா?"

சிட்டிபாபு யோசித்தார். "நீ வந்தியான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. உடம்பு சரியில்லையாம்னு சொன்னேன். சரின்னாரு." பிறகு, "அந்தச் சின்னக் கோப்பைங்க ரெண்டும் கழுவிக் கவுத்தாப்புல கிடக்குது. எடுத்துக்கினு போறியா?" என்றார்.

"வேணாங்க," என்று சொல்லிவிட்டுச் சம்பூர்ணம் வேகமாக நடந்தாள்.

தை மாதம் லில்லியின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. தனசேகரன் முன்னின்று எல்லாம் செய்தார். முனிரத்தினமும் கங்கையம்மாளும் சாப்பிட வந்தார்கள். சம்பூர்ணத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. அங்கே எல்லாருக்கும் பத்து மணிக்கு ஒரு டம்ளர் டீ கொடுப்பார்கள். பாலும் சர்க்கரையுமாகத் திக்காக இருக்கும். வாங்கிக் குடிப்பாள். குடித்த பிறகு தன்னையறியாமல் ஒரு நிமிஷம் அப்படியே நிற்பாள், தொண்டையில் ஏதாவது திரும்பி வருகிறதா என்று. ஒன்றும் வராது. ஆற்றுக்குத் தண்ணீருக்குப் போவதை விட்டுவிட்டாள். காலனி அடிபம்பில் பிடித்துக்கொண்டாள்.

வைகாசியில் பெருமாள் கோயில் கருட சேவைத் திருவிழா வந்தது. ஸ்டேஷனில் பாதிப் பேர் அன்றைக்குப் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்துக்கு நடுவே நின்று இன்னொரு தடவை வாய் திறக்க அவளுக்குத் தெம்பில்லை. ஊர் முழுக்கச் சின்ன காஞ்சிபுரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலையில், அவள் ஸ்டேஷன் படியேறினாள். எதிர்பார்த்தபடியே பஞ்சாட்சரம் ஏட்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் சீனா டாக்டராண்ட வேல செஞ்சவ. அன்னிக்கு நான் சொன்னது பொய்யிங்க. மாத்தி எழுதிக்கணும்."

அவருக்கு அவளை அடையாளம் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

"எதம்மா மாத்தறது?"

"தண்ணி நான்தாங்க கொண்டாந்தேன், என் இஷ்டத்துக்கு. டீ போடத்தாங்க அது. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் உக்காந்து குடிப்போம். நானும் குடிச்சேங்க, ரெண்டு வருஷம்."

"டீயா?" பஞ்சாட்சரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த டின்னு இங்கதான் கெடந்துச்சு. மழைநாளு ஒண்ணுல பாலு ஊத்தி, சக்கர போட்டுக் கொதிக்க வெச்சுப் பாத்தோம். வாயில வைக்க முடியல. கீழ கொட்டிட்டோம்."

காலி டின்னாவது இருக்கிறதா என்று சம்பூர்ணம் அலமாரிப் பக்கம் பார்த்தாள்.

"அதும்மா, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. நீ என்னா சொல்லியிருந்தாலும் அவர இட்டுக்கினு போயிருப்பாங்க. மேலேர்ந்து வந்த ஆர்டர். உன் பேப்பரு அந்த ஃபைலோட மேல போச்சோ இல்லியோ, அதுவே தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "அவரும் இங்க இல்ல இப்போ. போன மாசம் மெட்ராஸ் ஹார்பர்ல சீனாக் கப்பல் வந்துச்சு. கேம்ப்புல இருந்தவங்கள்ல போறேன்னவங்கள ஏத்தி அனுப்பிட்டாங்க. அந்த லிஸ்ட்டுல இந்த ஊரு அட்ரஸோட இவரு பேரும் இருந்துச்சு."

"மெட்ராஸுக்கா வந்தாரு?"

"ஆமா. ரயில்ல கொண்டாந்து, அங்கேர்ந்து கப்பல்."

மெட்ராஸ் பஸ்ஸில் போனால் இரண்டரை மணி நேரம். அவர் அங்கே கப்பலேறிய நாளில் தான் என்ன செய்துகொண்டிருந்திருப்பேன் என்று அவள் யோசித்தாள். சீனாவில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? அக்கா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது என்று ஒரு நாள் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் கழித்து, ஒரு பெட்டியோடு.

"இருந்தாலும் எழுதிக்கோங்க ஐயா," என்றாள்.

"எழுதி யாருக்கும்மா அனுப்பறது?"

"யாருக்கும் வேணாங்க. எழுதி இங்க வையுங்க."

பஞ்சாட்சரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் சொன்னதை நாலு வரியில் எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். தாளை மடித்து மேஜை மேலிருந்த கட்டுகளுக்கு அடியில் செருகினார். அவள் வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அவர் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்.

கருட சேவைக்கு வந்த கூட்டம் எதிரே கடல் மாதிரி வந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து நடந்து அவள் செவிலிமேடு போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. மாசமாக இருந்த லில்லி அரக்கோணத்திலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போயிட்ட, சொல்லாம கொள்ளாம?"

சம்பூர்ணம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கெண்டியையும் கோப்பைகளையும் ஊற்றுத் தண்ணீரையும், அந்தப் பூவாசனையையும், தொண்டையில் ஊறிய தித்திப்பையும், அன்று வாசலில் யாரோ சிரித்ததையும். யாரிடமும் சொல்லாததை முதல் தடவையாக மகளிடம் சொன்னாள். லில்லி கை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நீ உண்மைய சொல்லியிருந்தா, தனசேகரன் மாமா கல்யாணத்த நடத்தவுட்டிருப்பாரா?" என்றாள் கடைசியில்.

"உட்டிருக்கமாட்டாரு."

"அப்புறம் என்னா? உட்டுடுமா."

அதைச் சொன்னபோது லில்லியின் குரலில் கோபமோ கனிவோ இல்லை. கீரைக் காம்புகளை முறத்தின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். சம்பூர்ணம் ஒரு கொத்தை எடுத்துத் தானும் ஆயத் தொடங்கினாள். இலையும் காம்பும் சேர்ந்தே விழுந்தன. லில்லி அவற்றைப் பொறுக்கி எடுத்து மறுபடி ஆய்ந்தாள்.